மூன்றாம் ஓலை

பொன்ராஜுக்கு எளிதில் கிடைத்த எதன்மீதும் நம்பிக்கை கிடையாது. மூணாறு கடையில் கேட்டவுடன் மண்ணெண்ணெய் கிடைத்தால், தண்ணீர் கலந்திருக்கும் என்று மூடியைத் திறந்து முகர்வான். போடிமெட்டு இறக்கத்தில் ஜீப் முனகாமல் இறங்கினால், ஏதோ கழன்றுவிட்டது என்று ஓரங்கட்டி அடியில் குனிந்து பார்ப்பான். அப்படிப்பட்டவன், புஷ்பமேரியைப் பெண் கேட்டுப் போன அன்றே சம்மதம் என்று பதில் வந்தபோது மட்டும் எதையும் முகரவில்லை, குனிந்தும் பார்க்கவில்லை. ஆசை அந்த ஒரு நாள் அவன் மூக்கை அடைத்துவிட்டது. அன்று விட்டுப்போன சந்தேகத்தை அடுத்த ஐந்து வருஷம் வட்டியோடு பட்டுத் தீர்த்தான்.

அவன் பிறந்தது சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீடு தள்ளி “ஆண்டவரே” என்பார்கள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் ஒருவர். அவர் செத்தபின் அம்மா செபமாலையம்மாள் கொழுந்து கிள்ளி அவனை வளர்த்தாள். கொழுந்துக் காட்டில் மழையில் நிற்பது அவனுக்கு ஒத்துவரவில்லை. போடிநாயக்கனூர் ஏலக்காய் வியாபாரி ஒருவருக்கு ஜீப் ஓட்டப் போனான். மேலிருந்து கீழே ஏலக்காய் மூட்டை. கீழிருந்து மேலே அரிசி, உப்பு, கருவாடு. இடையில் கைகாட்டுகிற ஆட்கள். ஏறுகிறவர்கள் மூட்டைத் தையலில் விரலை விட்டு நாலு காயை நிமிண்டிவிடுவார்கள் என்று, பின்னால் வரும் வண்டியைப் பார்க்க வேண்டிய கண்ணாடியை அவன் மூட்டைகளும் முகங்களும் தெரியும்படி சாய்த்து வைத்திருந்தான்.

“பொன்ராசு முன்னாடி பாத்து ஓட்டுறதவிட பின்னாடி பாத்து ஓட்டுறதுதான் அதிகம்” என்று லயத்தில் கேலி பேசுவார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டான்.

கல்யாணம் நடந்தது எழுபத்தொன்றில், ஈஸ்டர் கழிந்து. அப்போது இடுக்கி என்று தனி ஜில்லாகூட ஆகவில்லை. புஷ்பமேரிக்கு அதற்குச் சில மாதம் முன்பே வேறொரு இடத்தில் பேசி, அது பாதியில் நின்றிருந்தது. அந்த மாப்பிள்ளை மிக்கேல்ராஜ். தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் மாடியில் வேலை. கோயில் திருவிழாவுக்கு நாடகம் எழுதி, கதாநாயகனாக அவனே நடிப்பான். நெற்றியில் வந்து விழுகிற முடி. அவனுக்கும் புஷ்பமேரிக்கும் கோயிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலை வாசிக்கப்படவில்லை. அடுத்த வாரம் சாம்பல் புதன் வந்தது. தவசு காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. தவசு முடிந்தபின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஓலை என்பது கத்தோலிக்கக் கோயில்களில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை வாசிக்கும் அறிவிப்பு. சாமியார் மூணாற்றிலிருந்து மாதம் ஒருமுறைதான் மலை ஏறி வருவார் என்பதால், மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவதும் ஓலை வாசிப்பதும் பாஸ்கல் உபதேசியார். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வாசித்துவிட்டு, அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார். ஆண்கள் பக்கம் ஒரு பார்வை, பெண்கள் பக்கம் ஒரு பார்வை. அந்த இடைவெளியில் யாரும் இருமக்கூட மாட்டார்கள். இருமினால், தடை சொல்ல எழுந்த மாதிரி ஆகிவிடுமோ என்று பயம்.

பொன்ராஜுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் சந்தை நடை. கோயிலுக்கு அதிகம் போனவனில்லை. நின்றுபோன ஓலையைப் பற்றி அம்மாவிடம்தான் கேட்டான்.

“அது ஏம்மா நின்னுச்சு?”

“அண்ணந்தங்கச்சி மொறை வருதாம்ல. ரெண்டு ஓலைக்குப் பெறகுதான் கண்டுபிடிச்சாகளாம்” என்றாள் செபமாலையம்மாள்.

“அதுவரைக்கும் கண்ணு எங்க போச்சாம்?”

“ஒனக்குப் பொண்ணு வேணுமா, விசாரணை வேணுமா?”

பெண்தான் வேண்டியிருந்தது. தன் ஓலைக்கு மூன்று ஞாயிறும் சந்தை நடையை விட்டுவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்தான். ஆண்கள் பக்கத்தில் முன்வரிசை. முதல் ஓலையில் உபதேசியார் கண்ணாடியைக் கழற்றியதும், பெண்கள் பக்கத்திலிருந்து புஷ்பமேரி திரும்பிப் பார்த்தாள். பொன்ராஜ் குளிர்ந்துபோனான். இரண்டாம் ஓலையிலும் பார்த்தாள். மூன்றாம் ஓலையில் அவன் துணிந்து, தொடையிலிருந்து கையை நாலு விரல் உயரம் தூக்கி, இங்கே இருக்கிறேன் என்பதுபோல் அசைத்தான். அவள் பார்வை அந்தக் கையைத் தாண்டிப் பின்வரிசைக்குப் போய், அங்கேயே கொஞ்சம் நின்று, திரும்பி வந்தது. தூக்கிய கையால் அவன் காதைச் சொறிந்துகொண்டான்.

கல்யாணமாகி ஆறேழு மாதம் நன்றாகத்தான் போனது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் சண்டை போட்டுக்கொண்டபோது, ஒருத்தி மற்றவளை மட்டந்தட்ட எடுத்த உதாரணத்தில் விஷயம் வெளியே விழுந்தது. முறையாவது, மண்ணாவது; மூன்றாம் ஓலையை வாசிக்க வேண்டாம் என்று உபதேசியாரிடம் போய்ச் சொன்னதே மிக்கேல்ராஜ்தான். பொன்ராஜ் ரேடியேட்டருக்குத் தண்ணீர் பிடிக்க வந்தவன். வாளி நிரம்பி வழிந்ததை அவன் கவனிக்கவில்லை.

அன்றிலிருந்து கண்ணாடி மூட்டைகளை விட்டுவிட்டு மனைவிக்குத் திரும்பியது. மூணாறு போய்வரும்போது புஷ்பமேரி பின்பெஞ்சில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருப்பாள். தொழிற்சாலையைக் கடக்கும் இடத்தில், வாடும் கொழுந்தின் வாசனை வந்ததும், அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வாசனை அவளை எங்கே கொண்டுபோகிறது? ஒருவேளை புகைபோக்கிப் புகை கண்ணில் பட்டிருக்கலாம். கேட்டால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவன் கேட்கவில்லை. சோறு தின்னும்போது, “மிக்கேலு இந்த வருசமும் நாடகம் போடுறானாம்” என்று சொல்லிவிட்டு அவள் கையைப் பார்ப்பான். கை நடுங்காமல் குழம்பு ஊற்றும். நடுங்காததற்கும் அவன் ஒரு காரணம் கண்டுபிடிப்பான். சில நாள் போடிக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதி வழியில் திரும்பி வருவான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். குற்றம் எதுவும் கண்ணில் படாதது அவனுக்கு ஆறுதலாக இல்லை. ஒளித்து வைக்கிற கெட்டிக்காரி என்று தோன்றியது.

எழுபத்துமூன்றில் புஷ்பமேரிக்குப் பிரசவம். அவள் அப்பா வேலையிலிருந்து நின்று, லயத்தைக் காலிசெய்துவிட்டுப் போடிக்குக் குடிபோயிருந்தார். மழைக்காலம் தொடங்கும் முன் பொன்ராஜே கொண்டுபோய் விட்டான். வாசலில் இறங்கியவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. கோயிலில் மூன்று தடவை திரும்பத் தெரிந்தவளுக்கு இங்கே ஒரு தடவை திரும்பத் தெரியவில்லையா என்று மலையேறும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான்.

பெண் குழந்தை பிறந்த சேதி வந்த வாரம் பேய்மழை. போடிமெட்டுக்குக் கீழே மண் சரிந்து பாதை நான்கு நாள் மூடிக்கிடந்தது. அந்த நான்கு நாளுக்கு யாரும் பொறுப்பில்லை. அதை விதியின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். ஐந்தாம் நாள் பாதை திறந்தது. பொன்ராஜ் போகவில்லை. முதலாளியிடம் பேசி, போடி நடையை வேறொரு டிரைவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மூணாறு நடையை வாங்கிக்கொண்டான். அந்த டிரைவர் சுருளிவேல், கீழே போய்வந்து சேதி சொன்னான்.

“ஞானஸ்நானம் வச்சிருக்காங்களாம். உன்னைய வரச் சொன்னாங்க.”

“யாரு சொன்னது? அவளா, அவ அம்மாவா?”

சுருளிவேல் யோசித்தான். “அவங்க அம்மாதான். ஏன், யார் சொன்னா என்ன?”

“அப்ப சரி” என்றான் பொன்ராஜ்.

செபமாலையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “ஏல, பிள்ளை மொகத்தப் பாக்க வேணாமா?”

“அவளா வரச்சொல்லி ஆளனுப்பட்டும், போறேன்.”

அடுத்து வந்த சேதி கக்குவான் இருமல் என்று வந்தது. அன்று அவன் ஓட்டிய ஓட்டத்தைப் பற்றிப் போடிமெட்டுச் சாயாக்கடைகளில் வெகுநாள் பேசினார்கள். போய்ச் சேர்ந்தபோது குழந்தையை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் கை கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். தான் பார்க்காத ஒரு முகத்துக்காக எப்படி அழுவது என்று தெரியாமல் திண்டாடினான்.

“மண்ணு சரிஞ்சு பாதை மூடிருச்சே, அவரு என்ன செய்வாரு” என்றார்கள் பெண் வீட்டார், பெரிய மனசோடு. “எல்லாம் விதி.”

“ஆமா. ஆண்டவர் சித்தம்” என்றான் பொன்ராஜ்.

புஷ்பமேரி அவனை ஏறிட்டுப் பார்த்தாள். ஊர் திரும்பும்போது முன்சீட்டு காலியாக இருந்தும் பின்பெஞ்சில் ஏறி உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவள் முகம் வளைவுக்கு வளைவு வந்துபோனது. அழுகிறாளா, தூங்குகிறாளா என்று அவன் பார்த்துக்கொண்டே ஓட்டினான். மறுபடி அவளுக்குப் பிள்ளை உண்டாகவில்லை.

எழுபத்தாறு ஜனவரியில் செபஸ்தியார் திருவிழா வந்தது. சின்னக்கானல் பக்கத்தில் ராத்திரி நாடகம் கிடையாது. இருட்டினால் யானை இறங்கும். அதனால் திருவிழா நாடகம் என்றால் சொரூபம் சுற்றி வந்தபின், பகல் வெளிச்சத்திலேயே, தொழிலாளர்களுக்குக் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் நடக்கும். அந்த வருஷம் மிக்கேல்ராஜ் எழுதியிருந்த நாடகத்துக்கு ‘விதி மறித்த பாதை’ என்று பெயர். அவன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்தச் சோகத்தால் லயத்துப் பெண்களுக்கு அவன்மீது ஒரு தனி இரக்கம் இருந்தது. அவனுக்கும் அந்த இரக்கம் பிடித்திருந்தது.

பொன்ராஜ் ஆண்கள் பக்கத்தில், செபமாலையம்மாளும் புஷ்பமேரியும் பெண்கள் பக்கத்தில். புஷ்பமேரி மடியில் வறுத்த கடலை. கதை தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே பொன்ராஜுக்குக் காது சூடானது. அமலன் என்று ஒரு இளைஞன், ரோசலி என்று ஒருத்தி. இருவருக்கும் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. ஒருநாள் மழை. ரோசலி ஒரு லாரி டிரைவரின் வண்டியில் முன்சீட்டில் ஏறி வருவதை அமலன் பார்த்துவிடுகிறான். டிரைவராக நடித்தது பங்களாவில் சமையல் செய்யும் சந்தனம். கழுத்தில் ரப்பர் ஹாரனைத் தொங்கவிட்டுக்கொண்டு, வார்த்தைக்கு வார்த்தை “பாம், பாம்” என்று அமுக்கினான். கிட்டப்பார்வைக்காரன்போல் கண்ணைச் சுருக்கி, முன்னே நடந்துகொண்டே பின்னே பின்னே திரும்பிப் பார்த்தான். களம் சிரிப்பில் அதிர்ந்தது. சிலர் திரும்பிப் பொன்ராஜைப் பார்த்துச் சிரித்தார்கள். அவனும் சிரித்து வைத்தான்.

அவனுக்கு அந்த மழை ஞாபகம் வந்தது. தவசுக்கு முந்திய ஒரு சந்தை நாள். மூணாற்றிலிருந்து வரும் வழியில் புஷ்பமேரியும் அவள் தாயும் நனைந்துகொண்டு நின்றார்கள். பின்னால் மூட்டை. தாய்க்கு முன்சீட்டில் ஏறினால் தலைசுற்றும் என்று மகளை முன்னே ஏற்றி, தாயைப் பின்னே மூட்டைமேல் உட்காரவைத்தான். வழியில் ஏதோ சொன்னான், அந்தப் பெண் சிரித்தது. என்ன சொன்னான் என்றுகூட நினைவில்லை.

மேடையில் அமலன் உபதேசியாரிடம் போய் மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொன்னான். ரோசலி தானாக வந்து காரணம் கேட்கட்டும், அப்போது அவள் அன்பு தெரியும் என்பது அவன் எண்ணம். ரோசலிக்கோ, அவனாக வந்து சொல்லட்டும் என்ற வீம்பு. சாம்பல் புதன் வந்தது. திரைக்குப் பின்னால் யாரோ தகரத்தைத் தட்டி இடி முழக்கினார்கள். பிறகு ரோசலிக்கும் ஹாரன்காரனுக்கும் ஓலை. கோயில் பின்வரிசையில் அமலன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் ஒரு வார்த்தை சொல்வான் என்பதற்காகவே அந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்டிய ரோசலி, மூன்று ஓலையிலும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

“சொல் சொல் என்கிறது நெஞ்சம்! ஐயோ, என் நாவை விதி கட்டிவிட்டதே!” என்று மிக்கேல்ராஜ் கூட்டத்தைப் பார்த்துக் கதறினான்.

களத்தில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். செபமாலையம்மாளே கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மேடையில் ஹாரனோடு ஏமாந்து நிற்பது தன் மகன் என்பது உறைக்காமல். பொன்ராஜ் பெண்கள் பக்கம் பார்த்தான். புஷ்பமேரி அழவில்லை. கடலையை உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த பருப்பில் ஒன்றையும் வாயில் போடவில்லை. மடியில் ஒரு குவியல் சேர்ந்திருந்தது.

“நாக்க விதியா கட்டுச்சு?” பொன்ராஜின் குரல் அவனை மீறி உரக்க வந்தது. “அது அவன் வாய்க்குள்ளதான கெடந்துச்சு?”

பத்துப் பேர் சிரித்தார்கள். முன்வரிசையில் பாஸ்கல் உபதேசியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புஷ்பமேரி எழுந்து, மடியிலிருந்ததைக் கீழே உதறிவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தாள்.

நாடகம் முடிந்ததும் சாயாக்கடைக்கு வந்த மிக்கேல்ராஜ் முகத்தில் இன்னும் பவுடர் இருந்தது. பொன்ராஜ் அவன் எதிரில் போய் உட்கார்ந்தான். கடையிலிருந்தவர்கள் சாயா குடிப்பதை நிறுத்தினார்கள்.

“நல்ல கதை. யாரோடது?”

“கற்பனைண்ணே.”

“அந்த ஹாரனுமா கற்பனை?”

மிக்கேல்ராஜ் தம்ளரைச் சுற்றினான். “சந்தனம் சும்மா சிரிப்புக்குச் செஞ்சது. மனசுல வச்சுக்காதீங்கண்ணே. அன்னைக்கு மழை பெய்யலன்னா… உங்க ஜீப்பு அந்நேரம் வரலன்னா… சாம்பல் புதன் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா… எல்லாம் யாரு கையில இருக்கு?”

“மழைக்குப் பெறகு ஏழு நாளு இருந்துச்சுல. அவகிட்டப் போயி, ஏன் முன்சீட்டுல வந்தன்னு ஒரு வார்த்தை கேட்டியா?”

“எப்படிண்ணே கேக்குறது? மனசுல அன்பு இருந்தா அவளா வந்து சொல்லணும்ல?”

காறித் துப்புவதற்குப் பொன்ராஜின் வாயில் ஒரு வார்த்தை தயாராக இருந்தது. சின்னப்பயலே என்ற வார்த்தை. அது நாக்குக்கு வருவதற்குள், தன் அம்மாவிடம் தான் சொன்ன வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. அவளா வரச்சொல்லி ஆளனுப்பட்டும். எதிரில் பவுடர் பூசிய முகத்தைப் பார்த்தான். இவனுக்குச் சாம்பல் புதன், எனக்கு மண்சரிவு. இவனுக்கு அழக் கூட்டம் கூடுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். நாடகத்தில் ஹாரன்காரனுக்கு மூன்றாம் ஓலையோடு வேலை முடிந்துவிட்டது. அவன் வீட்டுக்குப் போய் என்ன செய்தான், யாரைச் சந்தேகப்பட்டான், யாரை மண்ணில் வைத்தான் என்பதையெல்லாம் மிக்கேல்ராஜ் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அதையும் விதி என்றுதான் எழுதியிருப்பான்.

“சாயா ஆறுது, குடி” என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தான்.

வீட்டில் புஷ்பமேரி அடுப்பு பற்றவைத்துக்கொண்டிருந்தாள். வெளியே வெளிச்சம் இருந்தது; பனி கொழுந்துக் காட்டைப் பாதி மூடியிருந்தது. பொன்ராஜ் வாசற்படியைத் தாண்டி நின்றான். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டான்.

“நம்ம ஓலைக்கு, மூணு ஞாயித்துக்கிழமையும் யாரத் திரும்பிப் பாத்த?”

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். “இதக் கேக்க அஞ்சு வருசமா?”

“சொல்லு.”

“அதான் மேடை போட்டுச் சொல்லிட்டானே. அந்தாளு எந்திரிப்பான்னு பாத்தேன். எந்திரிக்கணும்னுதான் உங்களுக்குச் சரின்னு சொன்னேன். எனக்கு அப்ப அறிவு அம்புட்டுத்தான்.” அவள் குரலில் பயம் இல்லை, அதுதான் அவனைப் பயமுறுத்தியது. “மூணாம் ஓலைக்கும் தூணப் புடிச்சுக்கிட்டே நின்னான். அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு, தூணு இல்லாம நிக்க மாட்டான்னு. நீங்க கைய ஆட்டுனீக. சிரிப்பு வந்துச்சு. சரி, இந்தாளு கையையாவது ஆட்டுறானேன்னு நெனைச்சேன்.”

“பாத்தியா அத?”

“பாக்காம?”

பொன்ராஜ் சுவரில் சாய்ந்தான். ஐந்து வருஷமாகக் கண்ணாடியில் தேடியது அடுப்படியில் இவ்வளவு லேசாகக் கிடந்தது. எளிதாகக் கிடைத்ததை நம்பாதவன் இதையும் நம்பத் தயங்கினான். “அப்ப தொழிற்சாலைகிட்ட வரும்போது கண்ண மூடிக்கிறியே?”

“அந்த வளைவுல நீங்க ரோட்டப் பாக்காம என்னைய பாத்துக்கிட்டு ஓட்டுறீக. எந்த நேரம் உருளுமோன்னு மூடிக்கிறேன்.” அவள் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். “நீங்க கேட்டாச்சு. நான் ஒண்ணு கேக்கவா?”

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

“பாதை எத்தனை நாளு மூடிக் கெடந்துச்சு?”

அடுத்த வீட்டில் ரேடியோ பாடியது. லயத்தில் எதுவும் நாலு வீடு தள்ளிக் கேட்கும் என்பது அவனுக்கு நினைவு வந்தது. பொய் சொல்ல வேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் போதும். அவள் மறுபடி ஊதுகுழலை எடுத்துவிடுவாள், மண் சரிந்தது சரிந்ததாகவே இருந்துவிடும். அதற்குமேல் இந்த வீட்டில் அவனுக்கு ஒரு மனைவி இருக்க மாட்டாள் என்பதும் தெரிந்தது.

“நாலு நாளு” என்றான்.

“அஞ்சாம் நாளு பஸ்ஸு வந்துச்சு. பச்ச ஒடம்புக்காரி, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஸ்டாண்டுல போயி நின்னேன். டிரைவர் மாறிட்டாருன்னு சுருளி அண்ணன் சொன்னாரு. பெறகு எத்தனை நாளு?”

“பெறகு மூடல. நான்தான் வரல. நீ கூப்பிடணும்னு இருந்தேன்.”

“நீங்களா வரணும்னு நானும் இருந்தேன்” என்றாள் புஷ்பமேரி. “ரெண்டு பேரும் இருந்தோம். பிள்ளைதான் போயிருச்சு.”

அவன் அழ ஆரம்பித்தான். போடியில் வராத அழுகை. அவள் பக்கத்தில் வரவில்லை, கையைப் பிடிக்கவுமில்லை. அடுப்பில் உலை கொதிக்கிறவரை அப்படியே நின்றாள்.

“ஆண்டவர் சித்தம்னு சொன்னீகளே அன்னைக்கு.”

“சொன்னேன்.”

“இனிமே சொல்லாதீக. அவருக்கு அந்தப் பழி வேணாம்.” பிறகு, “செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க” என்றாள்.

இதோடு இருவரும் மாறிப்போனார்கள் என்று சொல்ல ஆசையாக இருந்தாலும், ஜீப் கண்ணாடி சாய்ந்தபடியேதான் இருந்தது. பழகிய கண் அவ்வளவு சீக்கிரம் சொல்பேச்சு கேட்பதில்லை. மண் சரிந்ததையும் சாம்பல் புதன் வந்ததையும் மறுக்க முடியாது. அவை வந்தன, போயின. போனபின்னும் அவற்றை நிறுத்தி வைத்துக்கொண்டது மூன்று பேரின் வீம்பு. அதில் இரண்டு பேருக்கு இப்போது அது தெரிந்திருந்தது. மூன்றாமவன் அடுத்த நாடகத்துக்கு வசனம் எழுதிக்கொண்டிருந்தான்.

ஆனால் அடுத்த நாடகத்துக்கு முன் அவனுக்கே கல்யாணம் கூடிவிட்டது. சூரியநெல்லிப் பக்கத்துப் பெண். ஈஸ்டர் கழிந்த ஞாயிறு முதல் ஓலை. பொன்ராஜ் சந்தை நடையைச் சுருளிவேலிடம் கொடுத்துவிட்டுக் கோயிலுக்கு வந்திருந்தான். ஏன் வந்தாய் என்று கேட்டிருந்தால் வாராவாரம் வர நினைக்கிறேன் என்று சொல்லியிருப்பான். அதில் பாதி உண்மை. பெண்கள் பக்கம் பார்ப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

பாஸ்கல் உபதேசியார் மிக்கேல்ராஜின் பெயரை வாசித்தார். பெண்ணின் பெயரை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, கண்ணாடியைக் கழற்றினார்.

பொன்ராஜ் பீடத்து மெழுகுவர்த்தியைப் பார்த்தான். செபஸ்தியார் சொரூபத்தின் உடம்பில் எத்தனை அம்பு தைத்திருக்கிறது என்று பார்த்தான். கழுத்து தானாகத் திரும்பியது.

புஷ்பமேரி பின்வரிசையைப் பார்க்கவில்லை. அவனையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகவோ. வெல்லப் பானையில் கைவிட்டவனைப் பிடித்ததுபோல் ஒரு புருவத்தை மட்டும் தூக்கினாள். பொன்ராஜுக்கு எச்சில் தொண்டையில் சிக்கி, பெரிதாக இருமல் வந்தது.

கோயில் முழுவதும் அவன் பக்கம் திரும்பியது. பின்வரிசையில் மிக்கேல்ராஜ் தூணைப் பிடித்துக்கொண்டான்.

“தடை ஏதும் உண்டா?” என்றார் உபதேசியார், கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு.

“இல்லைய்யா. வெறும் இருமல்தான்.”

ஜெபம் முடிந்து வெளியே வரும்போது சிரித்தவர்கள் எல்லோரும் சிரித்து ஓய்ந்திருந்தார்கள். புஷ்பமேரி முக்காட்டை இறக்கிவிட்டுக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் நின்றாள்.

“ரெண்டாம் ஓலைக்கும் பாப்பீகளா?”

பொன்ராஜ் யோசித்தான். “தெரியல. பாத்தாலும் பாப்பேன்.”

“பாத்தா, பாத்தேன்னு எங்கிட்ட வந்து சொல்லிருங்க” என்றாள். பின்பெஞ்சுக்குப் போக ஒரு அடி வைத்து, நின்றாள். “நானும் சொல்லிர்றேன்.”